குடோனுக்குள் வராத காற்று

அந்த நாளில் நான் குதித்தால் முழங்கை வலைக்கு மேலே நிற்கும். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்கள் மில்லில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வைண்டிங்கில் எனக்கு வேலை கிடைத்ததே வாலிபால் ஆடத்தான். நூல் சுற்றியதைவிடப் பந்து அடித்ததுதான் அதிகம்.

வாலிபாலில் கைதட்டல் எல்லாம் அடிக்கிறவனுக்கு. ஆனால் அவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்க ஒருவன் வேண்டும். அவனை நாங்கள் பூஸ்டர் என்போம். அணியின் எல்லாப் பந்தும் அவன் கை வழியாகத்தான் போக வேண்டும். அவன் சரியில்லை என்றால் என்னைப் போல் ஆறு பேர் இருந்தாலும் ஆறு பேரும் வெறும் காற்றை அடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் பூஸ்டருக்கு முழங்கால் போய்விட்டது. ஆனி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டி. லேபர் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, ஒரு போஸ்ட்டுதான் இருக்கு. பெர்மனன்ட். அடிக்கப் போறவன் நீ. ஒனக்குத் தோதான ஆளா நீயே பாத்துச் சொல்லு" என்றார். ஒரு மனிதனுக்கு ஆயுசுக்கும் மில் வேலை. அது என் வாயில் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கேன்டீனில் நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் செட்டியார்பட்டி, இன்னொருவன் வன்னியம்பட்டி. இருவருக்கும் இருபது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். எங்கள் மைதானம் இரண்டு பஞ்சு குடோன்களுக்கு நடுவில் இருந்தது. இரு பக்கமும் உயரமான சுவர். ஒரு இலை அசையாது. சோதனைக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வந்தவன் பத்துப் பந்து தூக்க வேண்டும். நான் அடிக்க வேண்டும். எத்தனை உள்ளே விழுகிறதோ அதுதான் அவன் மார்க். அடித்தது நான், மார்க் அவனுக்கு! இதில் என்ன கோளாறு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஷிப்டு மாறும் நேரம் என்பதால் சுற்றிலும் கூட்டம். செட்டியார்பட்டிக்காரன் முதலில் தூக்கினான். பந்து சாவகாசமாக உயரே போய், செத்த நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு, என் கைக்கு வந்தது. ஒவ்வொரு அடிக்கும் குடோன் தகரம் அதிர்ந்தது. பத்துக்கு ஒன்பது. கூட்டம் விசில் அடித்தது. எனக்கு அடித்த விசிலை அவன் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

பிறகு வன்னியம்பட்டிக்காரன். குட்டையான ஆள், பேச்சே இல்லை. அவன் தூக்கிய பந்து உயரவே இல்லை. வலையை ஒட்டிச் சர்ரென்று வந்தது. நான் குதிப்பதற்குள் தாண்டிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வலையில் அடித்தேன். கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

அப்போது அவன் மெதுவாக, "அண்ணாச்சி, செத்த முந்தியே குதிங்க" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏலே, எனக்கே குதிக்கச் சொல்லித் தாரியா? பந்த ஒழுங்காத் தூக்கு!" என்று கத்தினேன். அவன் மிச்சப் பந்துகளைத் தூக்கினான். பத்துக்கு நாலு. லேபர் ஆபீசரிடம் போய், "மொதப் பய தேவலை சார். ரெண்டாவது ஆளுக்குக் கையே சரியில்ல" என்றேன். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். அவளுக்கு நான் அண்ணன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு எங்களுக்கு எதிரே வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? வன்னியம்பட்டி அணி. எங்களில் ஐந்து பேர் ஆறடி. அவர்களில் ஒருவர் தொப்பை விழுந்த டெய்லர். நாங்கள் சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

திறந்த மைதானம். மலையிலிருந்து மேல்காற்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. செட்டியார்பட்டிக்காரன் அதே அழகோடு உயரத் தூக்கினான். பந்து உயரே போய், காற்றில் ஏறிக்கொண்டு எங்கேயோ கிளம்பியது. நான் பின்னாலேயே ஓடினேன். குடோன்களுக்கு நடுவில் சொன்னபடி கேட்ட பந்து இங்கே சொந்தமாக யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

எதிரே அந்தக் குட்டையன்! பந்து அவன் விரலில் பட்டது தெரிவதற்குள் டெய்லர் அடித்து முடித்திருப்பார். காற்றுக்குத் தூக்க நேரமே கொடுக்கவில்லை அவன். முகம் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். நாங்கள் தடுக்கக் குதிக்கும்போது பந்து எங்களுக்குப் பின்னால் தரையில் இருந்தது. வயற்காட்டுப் பொட்டலில் ஆடி வளர்ந்தவனுக்குத் தாழத் தூக்குவதுதான் வழி என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. என் கண் அவன் விரலையே சுற்றியது. தோற்கப் போகிறோமே என்று பாதி, இப்படியும் ஒருவன் தூக்குவானா என்று பாதி. எதிரணிக்குக் கைதட்டினால் மில்லில் தலைகாட்ட முடியாது, இல்லாவிட்டால் தட்டியிருப்பேன்.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவதில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் புள்ளி. சர்வீஸ் அங்கே போகிறது, இங்கே வருகிறது, புள்ளி மட்டும் நகரவில்லை. கூட்டம் கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டது. கடைசியில் அவர்களுக்குப் பதினான்கு, இன்னும் ஒன்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது. எங்கள் ஆள் பந்தைத் தடுமாறி எடுத்தான். எங்கள் பூஸ்டர் பாவம், எனக்கு உயரத் தூக்கினான். காற்று அதை வலைக்கு மேலே தள்ளியது. நான் எட்டி அடித்தேன். வலையின் மேல்கம்பியில் பட்டு என் காலடியிலேயே விழுந்தது.

லேபர் ஆபீசர் வேனில் ஏறும்போது, "நீ சொன்ன ஆளத்தானப்பா எடுத்தோம்" என்றார்.

செட்டியார்பட்டிக்காரனைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருடத்தில் அவனும் காற்றைப் பழகி நன்றாகவே ஆடினான். தொண்ணூறுகளில் எனக்கு முட்டி தேய்ந்த பிறகு ஆள் எடுக்கும் வேலையை என்னிடமே விட்டார்கள். திறந்த மைதானத்தில், மோசமான பந்தாகப் போட்டுக் கொடுத்துத்தான் சோதித்தேன். அப்படியும் நான் எடுத்த நாலு பேரில் இரண்டு பேர் சொதப்பினார்கள். பூஸ்டரைப் பார்த்து எடுப்பது கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது மாதிரிதான். பஜ்ஜி நன்றாக இருந்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

வன்னியம்பட்டிக்காரனை மதுரைப் பக்கம் ஒரு மில் எடுத்துக்கொள்ள இன்னும் இரண்டு வருடம் ஆனது. அதுவரை அவன் கரும்பு வெட்டப் போனான்.

அன்று தோற்ற பிறகு நான் வேனில் ஏறவில்லை. கூட்டம் கலைந்திருந்தது, வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. அவன் வலையை அவிழ்க்கப் போனான். "தம்பி, செத்த நில்லுங்க. எனக்கு ஒரு பந்து தூக்குங்களேன்" என்றேன். என் வாயில் 'ங்க' வந்தது எனக்கே ஆச்சரியம்.

ஒரு சின்னப் பையனைப் பந்து போடச் சொன்னான். பந்து அவன் விரலுக்கு வருவதற்கு முன்பே நான் குதித்துவிட்டேன். பந்து வரவில்லையே என்று பயந்த நொடியில் அது கையில் இருந்தது! வாழ்நாளில் அப்படி ஒரு அடி நான் அடித்ததில்லை. வாய்விட்டுக் கத்தினேன். "இன்னொண்ணு!" தூக்கினான். "இன்னொண்ணு!" எத்தனை கேட்டேன் என்று நான் எண்ணவில்லை. காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது, ஒரு பந்தும் நகரவில்லை. மூச்சு வாங்க நான் நின்றபோது அவன் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"பத்துக்குப் பத்து, அண்ணாச்சி" என்றான். "அன்னைக்கே இப்படிக் குதிச்சிருந்தா எனக்கு வேல கெடச்சிருக்கும்ல."

அவன் குரலில் கோபமே இல்லை. நான் போய் வலையின் மறுமுனையை அவிழ்த்தேன்.