சம்பந்தி கொடுத்த வண்டி

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சாக்ஸ்' என்றால் போதும். பெயின்டரும் தச்சரும் மின்வேலைக்காரரும் கனத்த பூட்ஸோடு தடதடவென்று நடமாடுகிற இடத்தில், இவர் ஒருவர்தான் வாசலிலேயே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சாம்பல் நிற சாக்ஸோடு பூனை மாதிரி உள்ளே வருவார். அவர் தொழில் அப்படி. அலுவலகங்களுக்கும் ஓட்டல் அறைகளுக்கும் தரையில் கார்பெட் போடுகிறவர். போட்டு முடித்த கார்பெட்டில் ஒரு செருப்புத் தடம் விழுந்தால், அது தன் கன்னத்தில் விழுந்த அறை என்று நினைக்கிற ஆள்.

முழங்கால் போட்டே பிழைத்த பிழைப்பு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் கார்பெட் சுருள் தூக்கும் ஆளாகச் சேர்ந்து, கத்தி பிடிக்கப் பழகி, மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த பிறகுதான் துணிந்து தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தார். இரண்டு துண்டைச் சேர்த்த இடத்தை அவரே மறுநாள் வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது என்று பேர். அவருக்குப் பிடித்த பாராட்டு ஒன்று உண்டு. யாராவது உள்ளே வந்து பார்த்துவிட்டு, "கார்பெட்காரர் இன்னும் வரலையா?" என்று கேட்க வேண்டும். பதிலே சொல்ல மாட்டார். உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

தனி வேலை என்றால் சுருளையும் சாமானையும் தூக்கிப் போக வண்டி வேண்டும். வீட்டில் ஒரு மாதம் அதே பேச்சு.

"ஏழு பேர் உட்கார்ற வண்டியா வாங்கணும்" என்றார்.

"இருக்கறது நாம ரெண்டு பேர். மீதி அஞ்சு பேரை எங்கேர்ந்து கூட்டிட்டு வரப்போறீங்க?" என்றாள் மனைவி.

"சீட்டை மடக்கினா சுருள் போகும்ல."

"அப்ப சுருளுக்கு வண்டின்னு சொல்லுங்க. நான் பாவம், எனக்காக்கும்னு நினைச்சுட்டேன்."

இந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. மகளின் மாமனார், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் ஆபரேஷன் ஆனதால் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரலை சம்பந்தி. குழந்தை மாதிரி வச்சிருந்தேன். நீங்க எடுத்துக்கறதா இருந்தா சொல்லுங்க." ஏழு பேர் வண்டி. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது இவருக்கு.

மனைவிக்கு மட்டும் உதறல். "உறவுக்குள்ள வண்டி வாங்காதீங்க. நல்லா ஓடினா அவருக்குப் பெருமை. ஓடலைன்னா நம்ம பொண்ணு தலையிலதான் விடியும்."

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேன்னு சொல்லுவாங்க."

"தானமா கொடுக்கறார்? விலைக்குத்தானே வாங்கறோம். பல்லை மட்டுமில்லை, வாலையும் தூக்கிப் பாருங்க."

பார்க்கத்தான் பார்த்தார். சம்பந்தி வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'கிர்ர்' என்று ஒரே இழுப்பில் பிடித்தது. தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றே வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

வந்த அன்று மாலையே அவர் கை சும்மா இருக்கவில்லை. வண்டித் தரையில் கார் கம்பெனிக்காரன் போட்டிருந்த விரிப்பு நைந்து நாராகக் கிடந்தது. ஊருக்கெல்லாம் கார்பெட் போடுகிறவன் வண்டி இப்படியா இருப்பது? ஒரு பெரிய ஓட்டல் வேலையில் மிஞ்சிய உயர்ந்த ரகக் கார்பெட் ஒரு துண்டு பத்திரமாக வைத்திருந்தார். அடியில் தடித்த ஃபோம், அதன் மேல் கார்பெட், வளைவுக்கு வளைவு அளந்து வெட்டி, ஓரத்தையெல்லாம் உள்ளே சொருகி, கம்பெனி நிறத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நிறம். முடித்துவிட்டு வெளியே நின்று பார்த்தார். வண்டி பிறக்கும்போதே அப்படிப் பிறந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அதற்குள்ளும் ஷூவோடு ஏறுவதில்லை. கதவைத் திறந்து, ஷூவைக் கழற்றிப் பின்னால் வைத்துவிட்டு, சாக்ஸோடுதான் ஓட்டுவார்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினார். விளக்குகள் எரிந்தன. மற்றபடி ஊமை. ஒரு முனகல்கூட இல்லை. மறுபடி திருப்பினார், மறுபடி ஊமை. நாலைந்து தரம் போராடியபின் பிடித்தது. போகட்டும், இடம் மாறிய கோளாறு என்று விட்டார். ஆனால் தினமும் அதே கதை. வேலை முடிந்து களைத்து வந்து ஏறினால் சில நாள் பிடிக்கும், பல நாள் பிடிக்காது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவன் எண்ணெய்க் கறை பிடித்த பூட்ஸோடு ஏற, "தம்பி, காலு..." என்று இவர் பதறுவதற்குள் சாவியைத் திருப்பிவிட்டான். வண்டி நல்ல பிள்ளையாக உறுமியது.

"நல்லாத்தானே இருக்கு?"

"எனக்குப் பிடிக்க மாட்டேங்குதே."

"கிளட்சை முழுசா மிதிச்சாத்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். தெரியும்ல?"

"தரை தட்டற வரைக்கும் மிதிக்கறேன்ப்பா."

அது பொய்யில்லை. மெக்கானிக் பேட்டரியைப் பார்த்தான், வயர்களை ஆட்டிப் பார்த்தான், எல்லாம் சரி. குனிந்து காலடியையும் ஒரு தரம் பார்த்தான். "கம்பெனி கார்பெட்டே இவ்வளவு புதுசா இருக்கு. பழைய ஓனர் வண்டியை அப்படி வச்சிருந்திருக்காரு" என்றான். இவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அது நான் போட்டது என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அதைச் சொன்னால் பாராட்டு கெட்டுவிடும் அல்லவா?

"அண்ணே, எனக்கு ஸ்டார்ட் ஆகுது, உங்களுக்கு ஆகலை. வண்டின்னா நான் ரிப்பேர் பண்ணலாம். உங்களை எப்படி ரிப்பேர் பண்றது?" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அதைவிடப் பெரிய அவமானம் வீட்டிலேயே நடந்தது. ஒரு நாள் காலை வண்டி அடம்பிடிக்க, மனைவி வந்து, "நகருங்க, நான் திருப்பிப் பார்க்கறேன்" என்றாள். வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொடாதவள். எது கிளட்ச் கட்டை என்று கேட்டுக்கொண்டு, பயத்தில் இரண்டு காலையும் அதன் மேலேயே வைத்து, உடம்புப் பாரத்தை எல்லாம் இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். வண்டி பிடித்துக்கொண்டது.

"என்னங்க, ஆயிடுச்சு!"

"ஆயிடுச்சு, ஆயிடுச்சு. இறங்கு."

அதற்கப்புறம் தினமும் காலையில் அவள் வந்து ஸ்டார்ட் செய்து கொடுத்தபின் இவர் ஏறி ஓட்டுவது என்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பல்விளக்கிக்கொண்டே, "அண்ணி, அண்ணனைக் கிளப்பிவிட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் மனசுக்குள் ஒரு முள் தைத்துவிட்டது. சம்பந்திக்கு இந்தக் கோளாறு தெரியாமலா இருந்திருக்கும்? வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரலை என்றாரே, வெளியாள் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பான், சம்பந்தி வாய் திறக்க மாட்டான் என்ற கணக்கா? கணக்கு வாத்தியார் அல்லவா? தன் கை பட்ட இடத்தில் பிழை இருக்கலாம் என்று மட்டும் இவருக்குக் கனவிலும் தோன்றவில்லை.

பேத்தி ஒரு வாரமாக இவர்கள் வீட்டில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மகளும் சம்பந்தியும் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை ஒரு வேலையிடத்தில் வண்டி நடுவழியை மறித்துக்கொண்டு நின்று, நாலு பேர் ஹாரன் அடித்து, வாட்ச்மேன் வந்து கிளப்பிக்கொடுத்த எரிச்சலில், சம்பந்திக்குப் போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை வர்றீங்கல்ல? வண்டி விஷயமா நேர்ல பேசணும்."

குரலில் இருந்த வெடுக்கென்ற தன்மை இவருக்கே கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து "சரிங்க சம்பந்தி" என்று மட்டும் வந்தது.

அன்று சாயங்காலமே மகள் கூப்பிட்டாள். "அப்பா, மாமா சரியாச் சாப்பிடலை. யார்கிட்டயும் பேசலை. என்ன சொன்னீங்க?"

"வண்டியைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லப் போறேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ஏமாத்திட்டீங்கன்னு நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு அவருக்குச் சாப்பாடு போடறது நான். இதுவரைக்கும் அந்த வீட்டுல என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லப்பா. நீங்க ஆரம்பிச்சு வைக்காதீங்க."

போனை வைத்துவிட்டாள். மனைவி, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

ஞாயிறு காலை. வண்டி வாசலில் நின்றது. வண்டியைத் தூசு தட்டிக்கொண்டே சம்பந்தியிடம் பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதையாகவும் இருக்க வேண்டும், உறைக்கவும் வேண்டும். எப்படிச் சொன்னாலும் ஒன்று இருந்தால் ஒன்று இல்லை. பேத்தி டிரைவர் சீட்டில் நின்றுகொண்டு, கையில் பால் டம்ளரோடு, "டுர்ர்ர்" என்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று டுர்ர்ர் நின்றது.

"தாத்தா, போச்சு."

போனது அத்தனை பாலும். கிளட்சுக்கு அடியில், உயர்ந்த ரகக் கார்பெட்டில், குளமாக.

தொழில் தெரிந்தவர், துடைத்தால் போதாது என்று தெரியும். ஃபோம் குடித்த பால் இரண்டு நாளில் வண்டியையே நாற அடித்துவிடும். குழந்தையை இறக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, கத்தி முனையால் ஓரத்தை நெம்பி, கார்பெட்டையும் ஃபோமையும் உரித்தெடுத்து, அலசி, மதில்மேல் போட்டார். வண்டித் தரை மொட்டையாகத் தெரிந்தது. வருகிறவர்களின் ஆட்டோ வாசலில் வந்து நிற்க இடம் வேண்டுமே என்று, பிடிக்காது என்ற நிச்சயத்தோடே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

கிர்ர்.

அணைத்தார். மறுபடி திருப்பினார். கிர்ர். மறுபடியும். மறுபடியும். ஒவ்வொரு முறையும் வாத்தியார் பேர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் மாணவன் மாதிரி பதில் சொன்னது.

இறங்கி, மண்டியிட்டு, கிளட்சைக் கையாலேயே அழுத்திப் பார்த்தார். இன்னும் போனது. இன்னும் கொஞ்சம் போனது. கடைசியில், ஸ்டார்ட் ஆக விடுகிற ஸ்விட்ச் விழுந்து, 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மதில்மேல் கிடந்த ஃபோமை ஈரத்தோடு எடுத்து வந்து அடியில் வைத்து அழுத்தினார். கட்டை பாதியில் மெத்தென்று தங்கியது. டிக் இல்லை. பூட்ஸ்காரன் ஓங்கி மிதித்தால் ஃபோம் அமுங்கும். இரண்டு காலால் மிதித்தாலும் அமுங்கும். சாக்ஸ் போட்ட பூங்கால் மிதித்தால்? தரை தட்டியது உண்மைதான். தட்டியது அவர் போட்ட தரை.

அப்படியே வண்டி வாசலில், ஈர ஃபோமைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை. இன்னும் ஒரு மணி நேரம் இந்தப் பால் கொட்டாமல் இருந்திருந்தால்! உடம்பிலிருந்து ஏதோ ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. "இங்க வா, சீக்கிரம் வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவள் இடுப்பில் குழந்தையோடு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அவங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"தானா சரியாப் போச்சுன்னு சொல்லிடவா?"

"சொல்லுங்க. தான் ஏமாத்தினவன்னே அவர் நினைச்சுக்கிட்டு இருந்துட்டுப் போகட்டும்."

சம்பந்தியும் மகளும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மகள் முகத்தில் ரத்தமே இல்லை. கூடத்தில் உட்காரக்கூட இல்லை. குழந்தையின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவோரமே நின்றாள். சம்பந்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"சம்பந்தி, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நான் ஓட்டின வரைக்கும் அந்த வண்டி ஒரு நாள் என்னை நிறுத்தினதில்லை. ஆனா கண்ணு சரியில்லாத காலத்துல எதையாவது கவனிக்காம விட்டுட்டேனோ என்னமோ. நானே எடுத்துக்கறேன். உங்களுக்குள்ள இதை வச்சுக்காதீங்க. பொண்ணு நிம்மதியா இருக்கணும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் எழுந்து போய், மறுபடி மதில்மேல் போட்டிருந்த ஃபோமைக் கொண்டுவந்து, சொட்டச் சொட்ட சம்பந்தியின் முன்னால் நீட்டினார்.

"என்னங்க இது?"

"கோளாறு. வண்டியிலேர்ந்து எடுத்தேன். போட்டதும் நான்தான்."

முழுக்கதையையும் சொன்னார், மெக்கானிக் பாராட்டியதை விழுங்கியது உட்பட. சம்பந்திக்கு முதலில் புரியவில்லை. வண்டிக்குக் கூட்டிப்போய் டிக் சத்தத்தைக் கேட்கவைத்தார். ஃபோமோடு ஒரு தரம், ஃபோம் இல்லாமல் ஒரு தரம். வாத்தியார் அல்லவா, தானே கையை விட்டு அழுத்திப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். பிறகு வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, இருமல் வரும் வரை சிரித்தார்.

"மூணு நாளா தூக்கமில்லைங்க எனக்கு. ஏமாத்திட்டோமோ, ஏமாத்திட்டோமோன்னு..."

"என்னை மன்னிக்கணும் சம்பந்தி. போன்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"அதை விடுங்க. முதல்ல அந்த மெக்கானிக்கைப் போய்ப் பாருங்க, பாவம், அவனும் தூங்கியிருக்க மாட்டான்."

மகள் வாசற்படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "ஏம்ப்பா, எல்லாரையும் மாதிரி செருப்புப் போட்டுக்கிட்டு ஓட்டினா என்னவாம்?" என்றாள்.

சம்பந்தி அவள் தோளில் மாட்டியிருந்த பையைப் பார்த்தார். "பையை இறக்கும்மா. நீ ரெண்டு நாள் இருந்துட்டு வா. நான் இப்படியே கிளம்பறேன். அப்பாவே கொண்டுவந்து விடுவார், வண்டிதான் நல்லா இருக்கே."

"சாப்பிடாம எங்க கிளம்பறீங்க?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

மகள் பையை இறக்கினாள்.