கோச்சியின் பின்னால் ஓடுபவன்

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப், பிற்பகல் மூன்று நாற்பது. வெளியே மழை. அருங்காட்சியகத்தின் கடைசி அறையில் ஒரு பழைய அமெரிக்க நிலக்காட்சி ஓவியத்தின் முன் நிற்கிறேன். கறுத்த மலைகளுக்கு நடுவே, சேற்றுப் பாதையில், நான்கு குதிரைகள் ஒரு பயணிகள் வண்டியை இழுக்கின்றன. உள்ளே நால்வர், கூரையில் வண்டிக்காரனோடு மூவர் என்று குறிப்பேட்டில் எழுதுகிறேன்.

“கோச்சியில ஏழு பேர் சரி அண்ணை. எட்டாவது ஆளை விட்டிட்டியள்.”

நான் தமிழில் எழுதுவதைப் பார்த்துவிட்ட அறைக் காவலர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஊரில் கோச்சி என்றால் ரயில். “இது ரயில் இல்லையே” என்கிறேன்.

“குதிரை இழுத்தாலும் கோச்சிதான். விட்டா விட்டதுதான்.”

அவர் காட்டும் இடத்தில், மர நிழலில், மூட்டையோடு ஒருவன் வண்டியின் பின்னால் ஓடுகிறான். வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கவில்லை.

காவலரின் கைபேசி அதிர்கிறது. எடுத்துப் பெயரைப் பார்க்கிறார்.

“லோயர். தம்பியின்ர அகதி அன்ட்ராக், விண்ணப்பம். முதல் முறை இல்லையெண்டு, திரும்பிப் போகச் சொன்னவை. இண்டைக்குக் கடைசி முடிவு.”

“வெளியே போய்ப் பேசுங்க. அறையை நான் பாத்துக்கறேன்.”

“நல்லாப் பாப்பியள். எட்டுப் பேரை ஏழெண்டு எழுதின ஆள்.”

சிரிக்கிறார். கைபேசி இன்னும் அதிர்கிறது. அதைச் சட்டைப்பையில் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்கிறார்.

“ஐஞ்சு மணிக்கு வேலை முடியும். அதுவரைக்கும் தம்பி இஞ்சதானே இருக்கிறான், அண்ணை.”