பெட்டியில் இருந்தது என்று சொன்னேன்

பத்தாம் வகுப்பை மூன்றாவது தடவை எழுதித் தேறுவதற்குள் லாரி கிளீனராக இருந்தேன், மீன்வண்டியில் மங்களூர் வரை போனேன், கல்லாற்றில் ஓர் ஓட்டலில் பரோட்டா அடித்தேன். எங்கும் கால் தரிக்கவில்லை. பிறகு சுங்கத்துறையில் ஹவில்தார் வேலை கிடைத்து, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் போட்டார்கள். "துப்பாக்கி தருவாங்களா அத்தான்?" என்று மைத்துனன் கேட்டான். "கையுறை தருவாங்க" என்றேன். சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

தங்கத்தைப் பசையாக்கி, உறையில் அடைத்து, ஆசனவாயில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒத்துக்கொண்டதும் அவர்களைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் அருகில் நிற்பதும், எடுத்துத் தருவதை வாங்கிக் கழுவுவதும் என் வேலை. சீருடையைப் பார்த்து மரியாதை தருகிற யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

அன்று காலை துபாய் விமானத்தில் வந்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். என் தமிழைக் கேட்டதும் அழுதுவிட்டார். எல்லாம் முடிந்து சாட்சிகள் கையெழுத்துப் போட்ட பிறகு, மெதுவாகச் சொன்னார்: "வீட்டுக்காரி வெளிய நிக்கா அண்ணாச்சி. தங்கம்னு சொல்லுங்க. எங்க வச்சிருந்தேன்னு மட்டும் சொல்லிராதிய. அவ முகத்துல நான் முழிக்கணும்லா." சொல்லமாட்டேன் என்றேன்.

கைதானால் வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். "தமிழ் ஆளு நீயல்லே, நீ தன்னே போய்ச் சொல்லு" என்றார் மலையாளியான மேலதிகாரி.

அந்தப் பெண் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கம் பிடிபட்டதைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"எதுல இருந்துச்சு சார்?"

"பெட்டியில."

அவள் முகம் மாறியது. "பெட்டி கட்டுனது எந்தம்பில்லா. துபாய்ல ரெண்டு பேரும் ஒரே ரூம்தான். எப்பமும் அவந்தான் கயிறு போட்டுக் கட்டிக் குடுப்பான். படுபாவி, கூடப்பொறந்தவன்னு நம்பி அனுப்புனேனே." பேசிக்கொண்டே கைப்பேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

மணி அடிப்பது எனக்கே கேட்டது. அவளுடைய புருஷனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். பெட்டி கட்டியதைத் தவிர ஒன்றும் செய்யாத ஒருவன் மறுபக்கம். "பெட்டியில இல்லம்மா" என்றேன். "உடம்புக்குள்ள."

"அக்கா" என்று அந்தப் பக்கம் குரல் வந்தது. அவள் இணைப்பைத் துண்டித்தாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டாள். "அவியதான் மறைக்கச் சொன்னாவளா?"

"ஆமா."

"அப்பம் எனக்குத் தெரியும்னு அவியகிட்ட சொல்லாதிங்க."

உள்ளே வந்தேன். என்னைக் கண்டதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "என்ன சொன்னிய?"

"பெட்டியிலன்னு சொன்னேன்."

"நம்புனாளா?"

"நம்பினாங்க."

இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்" என்றார். விடவே இல்லை. மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வண்டி வந்துவிட்டதென்று யாரோ கூப்பிடும் வரை அப்படியே நின்றேன்.