இங்கே விளக்கு வைக்கிற நேரம், லண்டனில் மத்தியானம்

“போறப்ப அரை நாள், வர்றப்ப மட்டும் ஒரு நாளா? ஏரோப்பிளானுக்குத் திரும்பி வர வழி தெரியாதாக்கும், கண்ணு?”

பெரியப்பா இப்படிக் கேட்டதும் பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷம் தை மாதம், திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. மறுநாள் பகலில் அக்காவுக்குக் கல்யாணம். நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

எங்கள் பக்கம், தாய்மாமன் வந்து மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் தாலி. அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை, ஒரே தம்பி. அவர் இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். லீவு குறைவு என்பதால், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில்தான் லண்டனில் விமானம் ஏறுவதாக எழுதியிருந்தார். முதல்முறை போனபோது காலையில் பம்பாயில் ஏறி, அன்றைக்கு மத்தியானமே லண்டனில் இறங்கியவர். அதே கணக்கில் பொழுது சாய வந்துவிடுவார் என்று பெரியவர்கள் எதிர்பார்த்தார்கள். விளக்கும் வைத்தாயிற்று. ஆளைக் காணோம்.

சீமைக்குப் போனவன் மறந்துவிட்டான் என்று முடிவு கட்டிய பெரியப்பா, வெள்ளகோவிலில் இருந்த ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைக் கூட்டிவர ஆள் அனுப்பப் பார்த்தார். அவர் வந்து உட்கார்ந்துவிட்டால் எழுப்ப முடியாது. அப்புறம் ஒவ்வொரு சீருக்கும் அவர்தான் மாமன். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமலே போய்விடும்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. மேற்கே போகும்போது அந்த நேரம் மிச்சமானதுபோல் தெரியும், கிழக்கே வரும்போது கூடிவிடும். மாமா பாதி வழிகூட வந்திருக்க மாட்டார், நாளைக் காலையில்தான் வருவார் என்றேன். ஏரோப்பிளானுக்கு வழி தெரியாதா என்று பெரியப்பா கேட்டது அதற்குத்தான். இங்கே விளக்கு வைக்கும்போது அங்கே மத்தியானம் என்று விடாமல் சொன்னேன். “அவுங்களுக்குன்னு தனிச் சூரியனா?” என்று அத்தை கேட்க, மறுபடியும் சிரிப்பு.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெரியப்பாவிடம், “ஆள் அனுப்ப வேண்டாமுங்க. எம் புள்ள சொன்னாச் சரியா இருக்குமுங்க” என்றாள்.

அந்த நிமிஷமே என் கர்வம் பயமாக மாறிவிட்டது. புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தவள் நான். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை.

மறுநாள் அக்காவை அலங்கரித்து உட்கார வைத்துவிட்டார்கள். முகூர்த்தம் நெருங்கிய நேரத்தில், கோயமுத்தூர் பீளமேடு விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் கார் தெருமுனையில் நின்றது. கசங்கிய கோட்டும் தூங்காத கண்களுமாக மாமா இறங்கினார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமா கால் கழுவுவதற்கான செம்பைப் பெரியப்பா என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். கோட்டைக்கூடக் கழற்றாமல் மாமா பட்டம் கட்டினார்.

நாம் படித்ததை நம்பி ஒருவர் தன் வாழ்க்கையில் ஒன்றைப் பணயம் வைக்கும்போதுதான் படிப்பின் கனம் தெரிகிறது. அந்தக் கனம் எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு வருஷம் பி.யு.சி. முடித்து, கோயமுத்தூர்க் கல்லூரியில் பூகோளப் பட்டப்படிப்பில் சேர்ந்து இது இரண்டாவது மாதம்.