தண்டவாளத் துண்டு

எங்கள் வீட்டில் பெரியப்பா யாரையும் சாப்பிடக் கூப்பிடமாட்டார். சோறு ஆறினாலும் சரி, தேடி வந்து பக்கத்தில் நிற்பார். நாங்களாகப் புரிந்துகொண்டு எழும்ப வேண்டும். "உங்கட அண்ணருக்கு வாயில கொழுக்கட்டையோ?" என்று அம்மா அப்பாவிடம் அலுத்துக்கொள்வார்.

கனடாவில், மில்லிக்கனில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு ஷிப்டில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் பெரியப்பாவும்தான். எனக்குப் பேச ஆளில்லை, அவருக்கும் இல்லை. ஆகவே அவர் தன் பண்ணையைப் பற்றிச் சொல்வார், நான் கேட்பேன்.

ஊரில் சண்டைபிடித்த இரண்டு தரப்பும் தங்களுடையது என்று சொல்லிக்கொண்ட எல்லைக் காட்டில், கலவரத்தில் வீடிழந்து மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்களோடு சேர்ந்து பெரியப்பா வெட்டித் திருத்திய பண்ணை. வேலி கிடையாது. என் வயல், உன் வயல் என்ற பேச்சும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே அடுப்பு; சமையல் பெரியப்பாவின் பொறுப்பு.

"பாலை மரத்தில ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். மத்தியானம் அதில தட்டினா ஒருத்தர் மிச்சமில்லாம வந்திடுவினம். கடைசி ஆள் வந்து இருக்குமட்டும் ஒருத்தரும் சோத்தில கைவைக்கமாட்டினம்," என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலரும். பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், "பிறகென்ன, கனடா," என்பார்.

ஒருநாளாவது அவரைச் சந்தோசப்படுத்திவிட வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. கோடையில் என் பிறந்தநாளுக்கு வந்த சொந்தக்காரர்கள் பின்வளவில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ஆட்டுக்கறியை இறக்கிவிட்டு, வழக்கம்போல ஒவ்வொருவராகத் தேடிப் போக ஆயத்தமானார். நான் இரும்புத் தாச்சியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் நின்று அகப்பையால் ஓங்கித் தட்டினேன். சனம் சிரித்தபடி வீட்டை நோக்கி வந்தது. நான் பெருமையோடு பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். கைகளை விரித்து வழியை மறித்து, "வராதேங்கோ. காட்டுக்குள்ள ஓடுங்கோ, ஓடுங்கோ," என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"இஞ்ச காட்டுக்கு எங்க போறது, அண்ணை?" என்று மாமா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் பெரியப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

என் பிறந்தநாளைக் கெடுத்துவிட்டாரே என்று அறைக்குள் போய் அழுதேன். எல்லோரும் போன பிறகு பெரியப்பா வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றார். எழும்பிப் போய்ச் சாப்பிட்டேன். கோபம் போகவில்லை.

பெரியப்பாவின் செத்தவீடு முடிந்து காரில் திரும்பும்போதுதான் அப்பா மிச்சத்தைச் சொன்னார். ஒரு மத்தியானம், காட்டோரமாகத் துவக்குகளோடு ஆட்கள் வருவதைப் பெரியப்பா கண்டிருக்கிறார். வயலில் நின்றவர்களை எச்சரிக்க அவரிடம் இருந்தது அந்த இரும்பு ஒன்றுதான். தட்டியிருக்கிறார், விடாமல் தட்டியிருக்கிறார். சோறு ஆயத்தம் என்று நினைத்து, வாய்க்காலில் கைகழுவிக்கொண்டு எல்லோரும் வந்துவிட்டார்களாம், ஒருத்தர் மிச்சமில்லாமல்.