மாலை போட்ட ஓட்டல்

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஸ்டுடியோ. காலையில் நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லிவிட்டு வண்டலூர் போய்த் திரும்பியிருக்கிறேன். படத்தில் இருப்பது ரோட்டின் அந்தப் பக்கத்து ஓட்டல். வெள்ளைக்காரன் காலத்து மாடி, மரத் தூண்கள். ரோட்டை அகலமாக்க அடுத்த மாதம் அதை இடிக்கப் போகிறார்கள். ஒரு பிரதி தருவதாக அதன் முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டுடியோக்காரர் படத்தை நீட்டுகிறார். கூரை ஓடுகளை எண்ணலாம், அத்தனை தெளிவு. குறுக்கே ஓடிய கரண்டுக் கம்பிகளைக் காணோம். பின்னால் இளநீல வானம். மாடியிலிருந்து வாசல்வரை தொங்குகிறது ஒரு ரோஜா மாலை. அதற்கு அடியில் நின்று இரண்டு பேர் காபி குடிக்கிறார்கள்.

“என்னங்க இது, மாலை எதுக்கு?”

“நீங்கதானே சார், அடுத்த மாசம் இருக்காது, நல்லா பண்ணிக் குடுங்கன்னு சொன்னீங்க? போனவங்க படம்னா இப்டித்தான் சார் போடுவோம்.”

“இன்னும் இடிக்கலையே?”

“ஆமா சார், காலைல நானே அங்கதான் இட்லி துன்னேன். படம் நல்லா கீதா இல்லியா, அத்த சொல்லுங்க.”

நன்றாகத்தான் இருக்கிறது. நான் எடுத்ததைவிட நன்றாக இருக்கிறது. கோபப்படலாமா என்றுகூடத் தெரியவில்லை.

வெளியே வருகிறேன். எதிரே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி என்னைப் பார்த்துவிட்டு, படம் வந்துவிட்டதா என்று கையாலேயே கேட்கிறார். தலையாட்டுவதா வேண்டாமா என்று புரியாமல், படத்தை மார்போடு கவிழ்த்துப் பிடித்தபடி நிற்கிறேன்.