தண்ணீர் பாட்டில் கட்டிய தூளி

சேலையூர் வாடகை வீட்டில் மகளுக்குத் தூளி கட்டியபோது நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள் நான். கூரைக் கொக்கியில் ஸ்பிரிங், அதில் ஒரு கட்டை, கட்டையில் என் பழைய காட்டன் புடவை. லேசாக இழுத்துவிட்டால் மேலும் கீழும் ஆடும். அவளும் தூங்கிவிடுவாள்.

நாலைந்து மாதத்தில் நன்றாகச் சதை போட்டாள். ஸ்பிரிங் நீண்டு தூளி தரையைத் தொடப் பார்த்தது, ஆட்டமும் மந்தமாகிவிட்டது. ஒரே அழுகை. சிறுசேரியில் வேலை முடித்து வந்த கணவர் பலமாக இழுத்து ஆட்டினார்.

"எவ்ளோ இழுத்தாலும் தூரமாத்தான் ஆடும். ஒரு தடவ போய் வர்ற நேரம் மாறாதுங்க" என்றேன்.

"அப்ப என்னதான் பண்றது டீச்சர்?"

"இதவிடக் கெட்டியான ஸ்பிரிங் வேணும்."

மறுநாள் கேம்ப் ரோட்டில் வாங்கி வந்து மாட்டினார். அது ரொம்பவே கெட்டி. மகள் படபடவென்று துள்ளினாள். அழவில்லை, கண்ணை அகல விரித்துச் சிரித்தாள். தூக்கம்தான் வரவில்லை.

"இந்த ஸ்பிரிங்குக்கு இவ வெயிட் பத்தல. இன்னும் வளரணும்" என்றேன்.

"அதுவரைக்கும் நாம தூங்க வேணாமா?" என்றவர் சமையலறைக்குப் போனார். இரண்டு பெரிய பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி வந்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். கட்டையின் இரு முனைகளிலும் பாட்டில்களை அசையாமல் இறுக்கிக் கட்டினார். மகளைக் கிடத்தி இழுத்துவிட்டோம். பழைய நிதானம் வந்துவிட்டது. விரல் சூப்பியபடியே அவள் கண்கள் சொருகின. எங்கள் இருவருக்கும் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டோம்.

அதன்பின் தடுப்பூசிக்குப் போய் எடை பார்த்து வரும்போதெல்லாம், அவள் எடை கூடிய அளவுக்குத் தண்ணீரைக் குறைப்போம். அது பால்கனி கறிவேப்பிலைக்குப் போகும்.

விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பினேன். அலைவு நேரத்தின் சூத்திரத்தைப் போர்டில் எழுதிவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். கடைசி பெஞ்ச் மாணவி எழுந்தாள்.

"மிஸ், இன்னும் எவ்ளோ தண்ணி மிச்சம் இருக்கு?"

வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "அரை டம்ளர்னு சொல்லு" என்றார்.

இப்போது பாட்டில்கள் இல்லை. மகள் நடக்கிறாள். தூளியில் பொம்மையைப் போட்டு அவளே ஆட்டுகிறாள், அது குதியாய்க் குதிக்கிறது. பிறகு ஓடி வந்து பாயில் எங்கள் நடுவே படுத்துக்கொள்கிறாள்.